வேலிக்கு இந்தப் பக்கம் தெரிந்த படம்

கீரமங்கலம்
ஞாயிறு, முற்பகல்

அன்பு மகள் அறிவுமதிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்கள் என்பது வாராவாரம் போனில் முகம் பார்ப்பதிலேயே தெரிகிறது. ஆனாலும் கடிதம் என்றால் முதலில் நலம் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன். இங்கே அம்மா நலம். நானும் நலம் என்றுதான் எழுத வேண்டும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். இது அவள் காதில் விழக் கூடாத விஷயம்.

முல்லை நன்றாகப் பூக்கிறது. அம்மா விடியுமுன்னே பறித்துப் பூக்கடைக்கு அனுப்பிவிடுகிறாள். வடக்குத் தென்னை ஒன்று இடி விழுந்து தலை கருகிவிட்டது, வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன். எனக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். பயப்படாதே. நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் மாலை இத்தனை நீளம் என்று தெரிகிறது. முன்பெல்லாம் புதுக்கோட்டை பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால் அம்மா டீயோடு வாசலில் நிற்பாள். இப்போது நாள் முழுக்க வீட்டிலேயே கிடக்கிறேன். எங்கிருந்தும் திரும்பி வராதவனுக்காக யார் வாசலில் நிற்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். பக்கத்துத் தோட்டத்து செந்தமிழன் பெரியப்பா பொங்கல் முடிந்த கையோடு ஒரு புரொஜெக்டர் வாங்கினார். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். மின்சாரக் கம்பி வேண்டியதில்லை, உள்ளேயே பேட்டரி. நம் வேலியை ஒட்டி அவருக்கு இரண்டு தென்னை நிற்கிறதே, அவற்றுக்கு நடுவே இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்துக் கட்டிவிட்டு, சனிக்கிழமை இருட்டியதும் படம் போடுகிறார். பூப்பறிக்கிற பெண்கள் எல்லாரும் வருகிறார்கள். உன் அம்மாவும் போகிறாள். முதல் நாள் அவளிடம் 'தம்பியக் கூட்டிக்கிட்டு வா' என்று சொல்லிவிட்டிருந்தார். பத்தடி நடந்து வந்து என்னிடம் சொல்லவில்லை. நான் போகவில்லை. அவள் போனாள்.

அவர் அம்மாவுக்கு அத்தை மகன். கேலி பேசுகிற முறை. 'ஏ அழகு, முன்னாடி வந்து உக்காரு' என்பார், இங்கே என் காதில் விழும். அழகம்மாள் என்ற பெயரை நான் கல்யாணப் பத்திரிகையில் படித்ததோடு சரி, வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. இந்த வயதில் இதெல்லாம் ஒரு வருத்தமா என்று நீ கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். வெளிச்சத்துக்கு அந்துப்பூச்சி வரும், மொட்டில் புழு வைக்கும் என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். 'பூச்சிக்கு ஒங்க டியூப்லைட்டும் ஒண்ணுதாங்க' என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

நாமும் ஒன்று வாங்கினால் என்ன என்று தோன்றியது. அவருடையதைவிட வெளிச்சமாக. புதுக்கோட்டைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சொன்னார். வெளிச்சத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறதாம். தோட்டத்தில் போடுவதென்றால் அது கூடுதலாக வேண்டும், இல்லையென்றால் நிலா வெளிச்சத்துக்கே படம் வெளுத்துவிடும். பேட்டரி ஒரு படம் முழுக்கத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். மேடு பள்ளத்தில் வைத்தாலும் படத்தைத் தானே நேராக்கிக்கொள்வது இருக்கிறது, விலை கூடுதல். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். கடைசியில் 'எத்தன பேரு பாப்பீங்க சார்?' என்றார். இரண்டு பேர் என்றேன். 'ரெண்டு பேருக்கு டிவியே போதுமே சார்' என்றார். தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டாவது ஆள் வருவாளா என்று எனக்கே உறுதியில்லை. ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினேன்.

இனி எழுதுவதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. ஒரு சனிக்கிழமை மோட்டாரை நிறுத்தப் போனவன் வேலியோரம் நின்றுவிட்டேன். வேட்டிதானே, படம் இந்தப் பக்கமும் தெரிகிறது. இடமும் வலமும் மாறித் தெரிகிறது, எழுத்தெல்லாம் திரும்பி இருக்கிறது, அவ்வளவுதான். காற்றடித்தால் துணி புடைத்து எல்லார் முகமும் வீங்கும். ஆனால் நான் நின்றது படத்துக்காக அல்ல. துணிக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கிறது. அதன் வழியே எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தெரிந்தார்கள். முன் வரிசையில் உன் அம்மா. முகத்தில் படத்தின் வெளிச்சம் மாறி மாறி விழுகிறது. சிரிக்கிறாள். வாயைப் பொத்தாமல், உடம்பு குலுங்க. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லையா, பார்த்து மறந்துவிட்டேனா, தெரியவில்லை. அது அவருடைய தோட்டம். அவருடைய வேட்டி. சிரிப்பும் அவர் கணக்கில்தானே போகும். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் நான் தவறவிடவில்லை.

மாட்டிக்கொண்டது என் வாயால்தான். சாப்பிட உட்கார்ந்தபோது, என்ன படம் எடுக்கிறார்கள், கல்யாணப் பந்தியில் ஒருவன் இடது கையால் அள்ளித் தின்கிறான், அதையும் கைதட்டிப் பார்க்கிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். 'அவன் சோத்தாங்கையாலதாங்க தின்னான்' என்றாள். பிறகு, 'பீச்சாங்கையா எங்கிட்டு இருந்து பாத்தாத் தெரியும்?' என்றாள். நான் மோர் ஊற்றச் சொன்னேன். ஊற்றினாள். அடுக்களைக்குள் போய்ச் சிரித்தது கேட்டது. அடுத்த சனிக்கிழமை அவள் முன் வரிசையில் இல்லை. திரையின் ஓரத்தைத் தாண்டி, வேலிப் பக்கமாக நாற்காலியைத் தள்ளிப் போட்டிருந்தாள். அங்கே உட்கார்ந்தால் படம் பாதிதான் தெரியும். 'ஏ அழகு, அங்க என்னத்தத் தெரியும், இங்கிட்டு வா' என்று பெரியப்பா கூப்பிட்டார். 'இங்கதான் காத்து வருது மாமா' என்றாள். எனக்கு அவள் முழுதாகத் தெரிந்தாள். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் நான் அங்கிருந்து போயிருப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

நேற்றுக் காலை பெரியப்பா வேலியோரம் வந்தார். 'தம்பி, இனிமே வேட்டி வேணாம்னு அறிவு சொல்லிருச்சு. பின்னாடி கறுப்பு வச்ச திரையா வாங்குங்க பெரியப்பா, வெளிச்சம் அங்கிட்டு ஒழுகாது, படம் பளிச்சுன்னு இருக்கும்னுச்சு. அந்த மிசினையே அதுதான தேடிக் குடுத்துச்சு. ஒங்களுக்குத் தெரியாதா?' என்றார். தெரியும் என்று தலையாட்டினேன்.

எனக்கு நீ இதுவரை எதையும் தேடித் தந்ததில்லை. நான் கேட்டதில்லை என்பாய். உண்மைதான். அவர் கேட்கிறார். உனக்கு வேலை இருக்கும், அந்த ஊரில் தூங்குகிற நேரமாக இருக்கும் என்றெல்லாம் பார்க்காமல் கூப்பிட்டுக் கேட்கிறார். நான் பார்க்கிறேன். அதனால் நீ உட்கார்ந்து ஒவ்வொரு புரொஜெக்டராக ஒப்பிட்டுப் பார்த்து, பெரியப்பா இது வேண்டாம் அது வாங்குங்கள் என்று சொன்ன மாலைகள் எல்லாம் அவருக்குப் போய்விட்டன. அந்தப் பேச்சில் ஒரு தரமாவது அப்பா எப்படி இருக்கிறார் என்று அவரிடம் கேட்டாயா. கேட்டிருப்பாய். அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

குளிர் கூடியிருப்பதாக அம்மா சொன்னாள். காதை மூடிக்கொள். மாப்பிள்ளையைச் சமைக்கவிட்டு நீ போனைப் பார்த்துக்கொண்டு உட்காராதே, கூடப் போய் நில். நீங்கள் இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்து பார்த்து, ஒரே இடத்தில் சிரித்து, நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். இது என் ஆசீர்வாதம். அம்மாவின் ஆசீர்வாதம் போனில் வரும்.

மறக்காமல் ஒன்று செய். வேட்டியே போதும் என்று பெரியப்பாவிடம் சொல். காரணம் கேட்டால் உனக்குத் தெரிந்த ஏதாவது கணக்கைச் சொல். கேட்காமல் வாங்கியே தீருவார் என்றால், அந்தக் கறுப்புத் திரை எந்தச் சனிக்கிழமை வருகிறது என்று எனக்கு எழுது. படம் இந்தப் பக்கம் தெரியாவிட்டால் வேலியோரம் நிற்க எனக்கு ஒரு சாக்கும் இல்லை, அன்றைக்கு நான் சட்டை மாற்றிக்கொண்டு வேலியைச் சுற்றிப் போக வேண்டியிருக்கும். இந்த ஒன்றையாவது அவருக்கு முன்னால் எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆண்டியப்பன்