யோபுவின் பிள்ளைகள்

அன்பு மகளே,

"பிடிக்கலன்னா அந்தச் சபைக்கு ஏன்பா போறீங்க?" என்று மாட்ரிட்டிலிருந்து சுலபமாகக் கேட்டுவிட்டாய்.

போன ஞாயிறு நம் ஒரடேயா ஊர்ச் சபையில் போதகர் லிவியு, வேதாகமத்தில் வரும் யோபு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகக் கிடைத்தது என்று திரையில் படம் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். நான் எழுந்து, "செத்துப்போன அவரோட பிள்ளைங்களும் திரும்பி வந்தாங்களா?" என்றேன்.

"தாத்தா, ரொம்ப யோசிச்சா விசுவாசம் ஓடிடும்," என்றார் போதகர். சபையே சிரித்தது. உன் தம்பியைப் புதைத்து ஒரு வருஷம் ஆகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இனிக் குறுக்கே பேசினால் சபைக்கே வர வேண்டாமாம்.

பக்கவாதம் வந்த பிறகு வீட்டில் ஒரு சொல்லும் வராத உன் அம்மா, அங்கே டிரம்ஸ் முழங்கியதும் வரி பிசகாமல் பாடுகிறாள். எனக்குச் சகிக்காத அந்தப் பாட்டுகளைத்தான்.

கேள்வியை நான் விடவில்லை. ஆனால் வரும் ஞாயிறும் அவள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போய், வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

உன் அப்பா