நீ குப்பையில் கொட்டிய இறால் ரொட்டி

கிரெபெஸ்டாட்,
செப்டம்பர் 14

சிக்னேவுக்கு,

எப்போதும் 'அன்புள்ள' என்றுதான் தொடங்குவேன். இன்று கை வரவில்லை. அப்பாவும் நானும் உயிரோடுதான் இருக்கிறோம். கோத்தன்பர்க்கில் நீயும் சௌக்கியமாகத்தான் இருப்பாய். கூடப்பிறந்தவள் மேல் புகார் எழுதிப் போட்டவளுக்கு என்ன குறை?

நகராட்சியிலிருந்து பிரிட்டா என்ற அம்மாள் செவ்வாய்க்கிழமை வந்தாள். நம் சமையலறையில் உட்கார்ந்தே உன் புகாரைப் படித்துக் காட்டினாள். விழுங்க முடியாத அப்பாவுக்கு அக்கா கண்டதையும் ஊட்டுகிறாளாம், அவரை முதியோர் விடுதிக்கு மாற்ற வேண்டுமாம். மூன்று வருஷமாக அவருடைய படுக்கையைத் துவைப்பவள் நான். வருஷத்துக்கு இரண்டு தரம் பூங்கொத்தோடு வந்து போகிறவள் நீ.

அவர் பிறந்தநாளன்று நீ செய்தது கண்ணிலேயே நிற்கிறது. காலையிலேயே துறைமுகத்துக்குப் போய் ஓட்டோடு ஒரு கிலோ இறால் வாங்கி வந்து, விரல் நுனியெல்லாம் கீற உரித்தேன். ரொட்டியில் ஓரம்வரை வெண்ணெய், அதன் மேல் லெட்டூஸ் இலை, முட்டை வில்லைகள், மயோனைஸ், பிறகு ரொட்டியே தெரியாதபடி இறால், உச்சியில் சதகுப்பைத் தழையும் எலுமிச்சையும். நாற்பது வருஷம் இறால் படகு ஓட்டிய மனுஷர், பக்கவாதம் வந்ததிலிருந்து கூழைத் தவிர எதையும் பார்க்காதவர், தட்டைக் கண்டதும் இடது கையை நீட்டினார். நீ பாய்ந்து வந்து, "பைத்தியமா உனக்கு? அப்பாவைக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தி, தட்டோடு தூக்கிக் குப்பையில் கொட்டினாய். "வெளிய போடி" என்றேன். போய்விட்டாய். அதற்குப் பிறகு நான்கு நாள் அப்பா கூழுக்குக்கூட வாய் திறக்கவில்லை. அது உன் புகாரில் இல்லை.

இனி எழுதப்போவதை பிரிட்டாவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத்தான் உடம்பெல்லாம் எரிகிறது. ஜூலையில் ஒருநாள் நான் சாப்பிட்ட இறால் ரொட்டியைப் பார்த்து அவர் கண்ணாலேயே கெஞ்சுவதைப் பார்க்க முடியாமல் அதில் ஒரு சின்னத் துண்டு கொடுத்தேன். தொண்டையில் சிக்கிக்கொண்டது. முகம் நீலமாகிவிட்டது. முதுகில் அறைந்து அறைந்துதான் வெளியே வரவைத்தேன். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அதற்குப் பிறகும் பிறந்தநாளுக்குச் செய்தேனே, அவ்வளவு முட்டாள் நான். ஒன்றுமே தெரியாமல் வந்து நின்ற நீ சொன்னது சரியாகப் போயிற்று. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பிரிட்டா என்னைத் திட்டவில்லை. விழுங்கப் பழக்கும் பெண் ஒருத்தியை வியாழக்கிழமை அனுப்பினாள். இறாலை மயோனைஸோடு பட்டுப்போல அரைத்து, ஓரம் நீக்கிய ரொட்டியை இறால் ஓட்டுச் சாற்றில் ஊறவைத்து மசித்து, முட்டையையும் தனியாக அரைத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கச் சொல்லிக்கொடுத்தாள். அப்பா தட்டை உற்றுப் பார்த்தார். "பூ... பூனைக்கா?" என்றார். மாதக்கணக்கில் அவர் வாயிலிருந்து வந்த முதல் சொல். அந்தப் பெண் சிரித்தாள், நான் அழுதேன். கரண்டி கரண்டியாக முழுவதும் சாப்பிட்டார், ஒரு இருமல்கூட இல்லை.

வாய் துடைத்துவிட்டபோது, "சிக்னே" என்றார். காதில் விழாதவள் போலத் தட்டைக் கழுவப் போனேன். மறுபடியும் சொன்னார்.

இப்போதைக்கு விடுதி இல்லை. ஆனால் ஊட்டத் தெரிந்த இன்னொரு ஆள் வேண்டும், தனியாள் என்றால் அவரை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதிக்க மாட்டார்களாம். அடுத்த சனிக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பெண் மறுபடி வருகிறாள். நான் உன்னைக் கூப்பிடவில்லை, அப்பா கூப்பிடுகிறார். என்னிடம் நீ பேச வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம், நானும் கேட்கப்போவதில்லை. வந்து கற்றுக்கொண்டு போ.

காலையில் கடற்கரைச் சாலையில் பனிமூட்டம் கவிகிறது. மெதுவாக ஓட்டு.

தூர்போர்க்