நாம் பூசிய பெயிண்டுக்கு ஒரு மாலை

நண்பா,

இன்று காலை வேங்கிக்கால் அலுவலகத்தில் சிவப்பு பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். வாடை மூக்கில் ஏறியதும் உன் சிரிப்புதான் ஞாபகம் வந்தது. நீ கிராம நிர்வாக அலுவலர், நான் நில அளவர். மண் சரியும் என்று அரசு அறிவித்த மலைச்சரிவில், மழைக்காலத்தில் இதற்கு மேலே யாரும் தங்கக்கூடாது என்று ஒரு பாறையில் வட்டம் போட்டோமே, அதே பெயிண்ட். அன்றைக்குப் பாறைக்கு மேலே இருந்த தெருவே வேலைக்குப் போயிருந்தது. கேட்க ஆளில்லை, சொல்ல நமக்கும் தோன்றவில்லை.

பௌர்ணமி கழித்துப் போனால் வட்டத்தைச் சுற்றி மஞ்சள், மேலே சாமந்தி மாலை, கீழே கற்பூரம்! கிரிவலம் வந்த யாரோ ஆரம்பித்துவைக்க, தெருக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நீயோ செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு, கொடுத்த சுண்டலைத் தின்றுகொண்டிருந்தாய்.

அடுத்த வாரமே கனமழை எச்சரிக்கை. வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தும் ஒருவரும் அசையவில்லை.

"சாமி உத்தரவுனு சொல்லிடலாம்டா, ஓடி வந்துடுவாங்க" என்றேன்.

"வேணாம்டா. சாமி பேர்ல பொய் சொன்னா, நாளைக்கு நிஜம் சொன்னாலும் நம்ப மாட்டாங்க."

தெருக்காரர்களைக் கூட்டி, பாறை முன்னால் நின்று உள்ளதைச் சொன்னாய். பெயிண்ட் நாம் அடித்தது, மேலே மண் ஊறி இளகிக் கிடக்கிறது. மாலை போட்ட பூக்காரம்மா இடுப்பில் கை வைத்தார்.

"அப்போ இத்தினி நாளா உங்க பெயிண்டையா சார் கும்பிட்டோம்?"

"கும்பிட்டது எங்கயும் போகாதும்மா. இன்னைக்குக் கீழ வந்துடுங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பூக்கூடையோடு முதலில் இறங்கியவர் அவர்தான். பின்னாலேயே தெரு மொத்தமும் கீழே முகாம் போட்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால், அவர் வீட்டு அடுப்படியில் ஒரு பாறை உட்கார்ந்திருந்தது.

நீ எங்களையெல்லாம் விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு இது முதல் மழைக்காலம். இன்று மதியம் சரிவில் வேறொரு தெருவைக் காலி செய்யச் சொன்னபோது ஓர் அம்மா கேட்டார்: "இறங்குனா திரும்ப ஏற வுடுவீங்களா சார்?"

'ரெண்டே நாள்தாம்மா' என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"தெரியாதும்மா. சான்ஸ் கம்மி. வேற எடத்துல வீடு கேட்டு நானே மனு எழுதித் தரேன்."

பள்ளிக்கூடம் வரை திட்டிக்கொண்டே வந்தார். அவருடைய கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அந்தத் திட்டில் பாதி உனக்குச் சேர வேண்டியதுடா. நீ இல்லாததால் மொத்தத்தையும் நானே வாங்கிக்கொண்டேன்.