புடவைக்குக் கீழே ஒரு சாம்பல் நிற ஷூ

இன்று காலை அட்டைப்பெட்டியைத் திறந்ததும் புது ரப்பரும் பசையும் கலந்த வாசனை வந்தது. ஃபேக்டரியில் நாள் முழுக்கச் சுவாசிக்கிற வாசனைதான். ஆனாலும் வீட்டுக்குள் அது வந்தபோது நீயே வந்த மாதிரி இருந்தது.

ஆம்பூரில் ஊருக்கே ஷூ தைக்கிறோம், நாம் போடுவது ரப்பர் செருப்பு. நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து யார் யார் காலுக்கோ தைத்துக்கொண்டிருந்தோம். உன்னை லைன் சூப்பர்வைசர் ஆக்கினார்கள், வந்தது வினை. உட்கார்ந்தே பழகிய உடம்பு சிமென்ட் தரையில் நாள் முழுக்க நிற்க வேண்டும். முதல் வாரத்திலேயே குதிகால் வீங்கிவிட்டது. "பொம்பளையால ஆவாது. ஒரு மாசத்துல மெஷினாண்ட வந்து குந்திக்கும் பாரு" என்று தோல் வெட்டுகிற கட்டிங் பக்கத்து ஆண்கள் சிரித்தது உன் காதிலும் விழுந்தது.

அந்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் என்னை பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனாய். "ஒரே ஜோடிதான்டி வாங்க முடியும். கம்பெனிக்கும் அதான், சர்ச்சுக்கும் அதான். புடவைக்கும் ஒத்துக்கணும், சுடிதாருக்கும் ஒத்துக்கணும்."

கடைக்காரர் ரோஸ் கலரில் மினுமினுப்பதை எடுத்து வைத்தார். "இன்னாண்ணா, நாட்டியமா ஆடப் போறேன்? ஆம்பளைங்க ஷூல சின்ன சைஸ் காட்டு" என்றாய். வெள்ளை நம் ஊர்ப் புழுதிக்கு ஒரு நாள் தாங்காது என்று ஒதுக்கினாய். ஒவ்வொன்றாக வளைத்தாய், உள்ளே கைவிட்டுத் தடவினாய். அப்புறம் பழக்கதோஷம். தையலில் குறை இருக்கும் இடத்தைக் காட்ட ஃபேக்டரியில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் உன் கைப்பையில் இருந்தது. அதை எடுத்துக் கடை ஷூக்களில் ஒட்ட ஆரம்பித்துவிட்டாய்!

"அக்கா, இது கடைக்கா! கம்பெனி இல்ல!" என்று அலறினார் அவர்.

அம்புக்குத் தப்பியது ஒரே ஜோடி. சாம்பல் நிறம், கெட்டியான அடி, விலையும் கம்மி. போட்டுக்கொண்டு நேராகத் தெருவில் இறங்கினாய்.

"ரோட்ல போவாதீங்கக்கா!"

"ரோட்ல நடக்கத்தானண்ணா வாங்கறேன்?"

திரும்பி வந்து என் செருப்பில் ஒரு அம்பை ஒட்டினாய். "இது ரிஜெக்ட். அடுத்தது உனக்குத்தான்."

திங்கட்கிழமை புடவைக்குக் கீழே ஷூவோடு நீ லைனில் நடந்தபோது மறுபடி சிரித்தார்கள். "கால் என்னுது, நோவும் என்னுது. உனக்கு இன்னா சிரிப்பு?" என்று கேட்டாய். மாசம் முடிந்தது. நீ உட்காரவில்லை. போன வருஷம் நோயில் விழும் வரை அந்த லைன் உன்னுடையதாகவே இருந்தது. உன் தோழி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

இப்போது நம் லைனில் பாதிப் பெண்கள் ஷூதான் போடுகிறார்கள். இன்று முதல் அங்கே நான் சூப்பர்வைசர். அதற்காகத்தான் நேற்று அதே கடைக்குப் போனேன். "ஸ்டிக்கர் எதுவும் எடுத்துனு வரலியே?" என்று சிரித்த கடைக்காரர், "கூட அந்தக்கா வரல?" என்றார். நீ போய்ச் சேர்ந்ததைச் சொன்னேன். நான் கேட்காமலே சாம்பல் நிறத்தை எடுத்து வைத்தார்.

காலையில் போடுவதற்கு முன் நீ எங்கே அம்பு ஒட்டுவாய் என்று ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒட்ட இடமே கிடைக்கவில்லை. லேஸை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். சாயங்காலம் மணி அடிக்கிற வரை நீ நின்ற இடத்திலேயே நின்றேன்.

உட்காரவில்லையடி.