எங்கள் தெருவை எழுதிய திரை

பாய்,

இன்று காலை பக்கத்து வீட்டில் தச்சர் வஜ்ஜிரம் காய்ச்சினார். அந்தப் பசை வாடை உள்ளே வந்ததும் தறியை நிறுத்திவிட்டேன். நீங்கள் கண்மூடி மூன்று மாதம் ஆகிறது. அந்த வாடை என்றால் எனக்கு இன்னும் நீங்கள்தான்.

பதினோரு வருஷத்துக்கு முன், எங்கள் ஜலகண்டாபுரம் நெசவாளர் நாடகக் குழுவுக்குத் திரைப் படுதா எழுதச் சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்தீர்கள். அரண்மனை வேண்டும் என்றோம். சாயத்தூளை வஜ்ஜிரத்தில் குழைத்துக்கொண்டே, "அரண்மனை எல்லா நாடகத்துலயும் இருக்குதுங்க. உங்க தெருவையே எழுதலாம். அவங்கவங்க ஊட்டை அவங்கவங்களே எழுதட்டும்" என்றீர்கள்.

தறிக்குப் பாவு நூல் நீட்டும் வீதியில் துணியை விரித்தோம். ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். "எங்கூட்டுக் கதவு பச்சைங்க பாய், நீலமில்லீங்க" என்று ரங்கம்மா சண்டை பிடிக்க, பிரஷ்ஷை அவர் கையிலேயே கொடுத்துவிட்டீர்கள்.

எனக்குத்தான் கை ஓடவில்லை. பாகம் பிரிந்த ஆத்திரத்தில், அண்ணன் வீட்டைப் பார்த்த ஜன்னலை நான் செங்கல் வைத்து அடைத்திருந்தேன். நான்கு வருஷமாகப் பேச்சில்லை. உங்களிடம் மறைக்காமல் சொன்னேன். நீங்கள் புத்தி சொல்லவில்லை. "இருக்கறத எழுதுங்க" என்றீர்கள், அவ்வளவுதான். ஊரே பார்க்கப்போகும் துணியில் அந்தச் செங்கல்களை ஒவ்வொன்றாக எழுதும்போது உடம்பு கூசியது.

மறுநாள் தன் வீட்டை எழுத அண்ணன் வந்தார். என் பக்கத்தில் குந்தி, வெகுநேரம் அந்தச் செங்கல்லையே பார்த்தார்.

"ஏன்டா, உள்ள காத்து வர வேண்டாமா?"

"வேணுங்கண்ணா" என்றேன்.

நீங்கள் கறுப்புச் சாயத்தை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தீர்கள். செங்கல்லின் மேலேயே நான் ஜன்னல் சட்டம் எழுதினேன். அண்ணன் கம்பி போட்டார். அன்று மாலையே கடப்பாரை எடுத்து வீட்டு ஜன்னலை இடித்துத் திறந்தேன். அந்தப் பக்கமிருந்து அண்ணி தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினார்.

நாடகத்தில் நான் பேசிய வசனத்தை யாரும் கேட்கவில்லை பாய். எல்லாரும் திரையில் தங்கள் வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது குழுவை நான்தான் நடத்துகிறேன். இரண்டு பேர் முறைத்துக்கொண்டு வந்தால் பஞ்சாயத்துப் பேசுவதில்லை. ஒரு வேலையைக் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைக்கிறேன். சிலர் எழுந்து போய்விடுகிறார்கள். ஆனால் போன வாரம் அடித்துக்கொள்ளப் போன இருவர் இன்று புதுப் படுதாவில் ஒரே மேகத்தை ஆளுக்கொரு பக்கமிருந்து எழுதுகிறார்கள். நடுவில் நிறம் கொஞ்சம் ஒட்டவில்லை. நான் திருத்தப்போவதில்லை, நீங்கள் இருந்தாலும் அப்படியே விட்டிருப்பீர்கள்.