கிண்ணத்தில் மிஞ்சிய நூல்

மாஸ்கோவில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, அல்லாஹ்வின் அமைதி உங்கள்மேல் இருக்கட்டும்.

கூரையில் காயவைத்த ஆப்ரிகாட் பழத்தையெல்லாம் இறக்கி எடைபோட்டுவிட்டேன். அத்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறார். சர்க்கரை நோயால் புண் வந்த காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். பதறவேண்டாம்.

வியாழன் மாலை மறைந்தவர்களுக்காக நான் எண்ணெயில் ரொட்டி சுடும்போது, அத்தை உங்கள் அப்பாவின் இடத்தில் கற்கண்டு போட்ட தேநீர் வைப்பார். காலையில் கிண்ணம் காலியாக இருக்கும். அத்தைதான் குடிக்கிறார், அதனால்தான் சர்க்கரை ஏறுகிறது என்று நினைத்தேன். கற்கண்டைப் பூட்டிவிட்டு, உலர்ந்த முசுக்கொட்டைப் பழம் கொஞ்சம் வைத்தேன். பழத்தின் இனிப்பு நாரோடு சேர்ந்து மெதுவாக இறங்கும், நாம் போடும் இனிப்புதான் சட்டென்று ரத்தத்தில் ஏறும் என்று படித்திருந்தேன்.

"செத்தவருக்கு எதுக்குடி பத்தியம்?" என்று அத்தை சிரித்தார்.

பழம் தொடப்படாமல் கிடந்தது. ஆனாலும் அத்தைக்குச் சர்க்கரை ஏறியது. "நீ குடுக்கலைன்னு உன் மாமனார் எங்கிட்ட வந்து உக்காந்திருக்காருடி," என்றார். மறுநாள் மயங்கி விழுந்தார்.

இந்த வியாழன் வீட்டில் நான் மட்டும். கற்கண்டுத் தேநீர் வைத்து, துஆ ஓதி, கதவைத் தாழிட்டேன். காலையில் கிண்ணம் காலி. கற்கண்டு விளைந்திருந்த நூல் மட்டும் மோதிரம்போலச் சுற்றி விளிம்பில் வைக்கப்பட்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் அத்தைக்குச் சர்க்கரை இறங்கியிருந்தது.

"நேத்து அவரு இங்க வரலடி," என்றார்.

நான் மருமகளாக வருமுன்பே உங்கள் அப்பா போய்விட்டார். நூலை அப்படிச் சுற்றி வைப்பது அவர் வழக்கமா? அத்தையிடம் கேட்கத் துணிவில்லை.

உங்கள் பதிலுக்கு முன்பே வியாழன் வந்துவிடும். கற்கண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

துஆவுடன்,
உங்கள் மனைவி