கணவாயில் மேகம்

ஏப்ரல் 4

வாலுவின் அப்பாவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. அதனால் கிளினிக்கில் நோயாளிகள் வராத நேரம் பார்த்து, மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் மகள் ஒரே பிடியாக நிற்கிறாள். "என் க்ளாஸ்ல எல்லாரும் கேக்குறாங்க, உங்கப்பா ஹெலிகாப்டர் ஓட்டுறார், நீ ஏறினதே இல்லையான்னு." பத்து வயசுப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? லீவில் ஒருநாள் உங்கள் அந்திப் பயணத்தில் அவளை ஏற்றிக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.

சம்மதிக்கிறேன் என்று எழுதிவிட்டு இரண்டு தடவை அடித்தேன், மறுபடி எழுதினேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் கணவாயில் மேகம் மூடியிருந்தும், பயணிகள் சூரியன் மறைவதைப் பார்க்க ஆசைப்பட்டார்கள் என்று உள்ளே நுழைந்தீர்களே. வீட்டுக்கு வந்து, "மயிரிழையில தப்பிச்சோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அந்தச் சிரிப்பால்தான் நான் பெட்டியைக் கட்டினேன். இப்போதும் அதே மலை, அதே நீங்கள்.

வானம் எப்படி இருந்தால் கிளம்புவீர்கள், எப்படி இருந்தால் மாட்டீர்கள் என்று விவரமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா

ஏப்ரல் 9

அன்புள்ளவளே,

இப்படி எழுத இன்னும் உரிமை இருக்கிறதா தெரியவில்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது.

மாலை ஐந்தரைக்குக் கிளம்பினால் முப்பத்தைந்து நிமிடத்தில் திரும்பிவிடுவோம். கிளம்புமுன் வானிலைத் தகவல் கேட்பேன், இயந்திரத்தைச் சுற்றி நடந்து ஒவ்வொரு மூடியையும் தொட்டுப் பார்ப்பேன். வாலுவை என் பக்கத்து இருக்கையில் உட்கார வைக்கிறேன். பின்னால் வேறு யாரையும் ஏற்ற மாட்டேன். கணவாய் தெளிவாகத் தெரிந்தால்தான் கிளம்புவேன்.

நீயும் வா. இறங்குதளத்திலேயே இரு. தூரத்தில் உட்கார்ந்து கற்பனை செய்வதைவிட அது மேல்.

உன்,
பைலட்

ஏப்ரல் 21

வாலுவின் அப்பாவுக்கு,

வாலு பறந்த அன்றைக்கு உங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால்தான்.

கிளம்பும்போது வானம் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஐந்தே முக்காலுக்கு இறங்குதளத்து ரேடியோவில் உங்கள் குரல். "மேகம் திடீர்னு மூடிடுச்சு. புல்வெளியில இறக்கப் போறேன்." அதோடு சரி. பிறகு வெறும் இரைச்சல். டிக்கெட் கிழிக்கும் பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உக்காருங்கக்கா. மலை மறைச்சா ரேடியோ கேக்காது. சார் இறக்கிருப்பார்." நான் உட்காரவில்லை. எட்டு மணிக்கு ஜீப் உங்கள் இரண்டு பேரையும் கொண்டுவந்து சேர்க்கும்வரை அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

வாலுவுக்கோ பயமே இல்லை. "பனியெல்லாம் ஆரஞ்சு கலர்ல மின்னிச்சும்மா! அப்புறம் பால் பொங்கி வர்ற மாதிரி மேகம் வந்துச்சு. சூரியன் முழுசா இறங்குறதைப் பாக்கவே இல்ல. இன்னும் கொஞ்சம் போலாம்ப்பான்னு கெஞ்சினேன். அப்பா கேக்கல." இதை அவள் புகாராகத்தான் சொன்னாள்.

நீங்கள் மேகத்துக்குள் நுழையவில்லை. அதற்கு நன்றி. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. உள்ளே இருந்தது நம் பிள்ளை, அதனால் இறக்கினீர்கள். நாளைக்கு வேறு யாருடைய பிள்ளையோ உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போகலாம் என்று கெஞ்சினால்?

பதில் எனக்கு வேண்டும்.

வாலுவின் அம்மா

ஜூன் 2

அன்புள்ளவளே,

ஆறு வாரமாக உன் கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. உடனே பதில் எழுதியிருக்கலாம். "கண்டிப்பாக இறக்குவேன்" என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுத மனம் வரவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சத்தியம் செய்வது?

நேற்று ஒரு கணவன் மனைவியும் அந்தப் பெண்ணின் அப்பாவும் வந்தார்கள். பெரியவருக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டு வருகிறதாம். "அடுத்த வருஷம் எனக்கு இது தெரியாது தம்பி" என்றார். கணவாய்க்கு முன்னால் மேகம். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அதன் வழியே பொன்னாகத் தெரிந்தது வானம்.

மறைக்காமல் எழுதுகிறேன். அந்த இடைவெளியை நோக்கி இரண்டு நிமிடம் போனேன். பழைய ஆள்தான் ஓட்டினான். பின்னால் பெரியவர் சந்தோஷத்தில் ஏதோ சொன்னார். அப்போது, இன்னும் கொஞ்சம் போலாம்ப்பா என்று வாலு கெஞ்சியது காதில் கேட்டது. அந்த இருக்கையில் இதுவரை எனக்கு அப்படி ஆனதில்லை. திரும்பிவிட்டேன்.

பெரியவர் இறங்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலாளி எல்லார் எதிரிலும் கத்தினார். "உனக்கு மட்டும் எங்கேயிருந்துய்யா மேகம் வருது?" மறு உத்தரவு வரை பறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இதுதான் என் பதில். திரும்பினேன். ஆனால் உடனே திரும்பவில்லை.

உன்,
பைலட்

ஜூன் 8

அன்புள்ள உங்களுக்கு,

அந்த இரண்டு நிமிடத்தை நீங்கள் எழுதாமலே விட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது. எழுதினீர்கள், அதனால் மீதியையும் நம்புகிறேன்.

பெரியவரை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் அவர் வீடு போய்ச் சேர்ந்தார்.

நான் திரும்பி வரமாட்டேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. ஐந்தரை ஆனால் ஜன்னலுக்குப் போய் வானத்தைப் பார்க்கிறேன், நீங்கள் பறக்காத இந்த வாரம்கூட. பைலட்டின் மனைவியாக வாழ என்னால் ஆகவில்லை, அவ்வளவுதான். நீங்கள் வேறு வேலை தேடுவதாகச் சொல்லிவிடாதீர்கள். வானம் இல்லாமல் உங்களைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

முதலாளி உங்களை மறுபடி கூப்பிடுவார். கூப்பிட்டதும் சொல்லுங்கள். அடுத்த லீவுக்கு வாலுவை உங்களிடம் ஒரு வாரம் அனுப்புகிறேன். பறக்க ஆசைப்பட்டால் கூட்டிக்கொண்டு போங்கள். வானம் எப்படி இருந்தால் கிளம்புவீர்கள் என்று இனி எனக்கு எழுத வேண்டாம். அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

அன்புடன்,
நான்